நகம் தட்டிய புலி

1. உத்தரவு

பணியில் சேர்ந்த முதல் நாளே, வலக்கைச் சுட்டுவிரலின் நகத்தை இனி வெட்டக்கூடாது என்று எனக்கு ஓர் உத்தரவு பிறந்தது.

தமிழிலக்கியம் பயின்று வெளிவந்த பெண்ணுக்கு இப்படியோர் உத்தரவு வரும் என நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் மைசூரில் தமிழ் கற்பிக்கும் வேலை எளிதில் வாய்ப்பதன்று. மரப்பதிப்புப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் ‘செக்கிங்’ பணிக்கு ஆள் தேடுகிறார்கள் எனக் கேள்வியுற்றுச் சென்றேன். எனக்கு முன் அவ்விருக்கையில் இருந்தவர் தம் கையை என் முன் விரித்தார். மற்ற விரல்களில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. சுட்டுவிரலில் மட்டும் பிறைபோல் வளர்ந்திருந்தது.

“நம்ம மெஷினு இதுதாம்மா. கரண்ட்டு வேணாம், ரிப்பேரு வராது. கல்யாண வீட்டுல ரெண்டு பேரு உத்துப் பாப்பாங்க, கண்டுக்காதீங்க” என்றார்.

மரப்பதிப்பு என்பது மரத்துக்குள் மரத்தை வைக்கும் கலை. ஈட்டி மரப் பலகையில் உருவத்தின் அளவுக்குக் குழி எடுத்து, வேறு மரங்களின் மெல்லிய துண்டுகளை நூல்போன்ற ரம்பத்தால் அறுத்து, அக்குழியில் பொருத்துவர். வண்ணம் என ஒரு துளியும் பூசுவதில்லை. மஞ்சள் வேண்டுமெனில் பலா, செம்மைக்கு வேங்கை, வெண்மைக்கு வெட்பாலை. கருமையோ பலகையிலேயே இருக்கிறது. பொருத்தியபின் உப்புத்தாளால் தேய்த்து, அரக்கு மெருகேற்றுவர். யானையின் வெண்தந்தமும் அதன் பின்னணியும் வெவ்வேறு காட்டில் வளர்ந்த மரங்கள் என்பதைக் கண் அறியலாம், விரல் அறியக்கூடாது. இதுவே தொழிலின் பெருமை.

அதைச் சோதிப்பதே என் பணி. கண்ணை மூடிக்கொண்டு பலகையின்மேல் நகத்தை இழுக்க வேண்டும். எங்கேனும் நகம் தடுக்கினால் அதைக் கூடத்தில் ‘தட்டுது’ என்பார்கள். தட்டிய இடத்தில் தூசி சேரும்; மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும்; ஒருநாள் துண்டு பெயர்ந்து விழும். எனவே தட்டும் பலகை கடைக்குப் போகாது. ‘செக்கிங்’ என்பதற்கு நான் ‘நகத்தேர்வு’ என்று ஒரு சொல் படைத்துப் பலகையில் எழுதி மாட்டினேன். எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. அதற்குப் பதிலாக எனக்குத்தான் பெயர் வைத்தார்கள்: ‘உகுரு மேடம்’. கன்னடத்தில் உகுரு என்றால் நகம்.

2. கவிழ்ந்த பலகை

அக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நகம் தட்டினால் நான் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அப்பலகையைத் துண்டு வெட்டியவரின் மேசைமேல் முகம் கீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். சுற்றியிருப்போர் உடனே தத்தம் வேலையில் ஆழ்ந்துபோவார்கள். உரியவர் தேநீர் குடித்து, மூக்கைச் சிந்தி, சன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, தாமாகவே பலகையைத் திருப்புவார். திட்டு இல்லை, விளக்கம் இல்லை. ஆயினும் அந்தக் கவிழ்ந்த பலகையை அஞ்சியதுபோல் அவர்கள் முதலாளியின் குரலைக்கூட அஞ்சியதில்லை.

கூடத்தின் சிறந்த வெட்டுக்காரர் நஞ்சுண்டன். அவர் மேசையில் பலகை கவிழ்ந்த நாள்கள் மிக அரியன. மெருகுக்காரர் பாஷா. இருவரும் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். ஒரே தூக்குச் சட்டியில் உண்பவர்கள். நாள் முழுதும் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்துவதையே ஓய்வாகக் கொண்டவர்கள்.

“படம் போடறது நானு. இவன் எண்ணெ தடவறான், அஷ்டே, அவ்வளவுதான்! பேரு மட்டும் பாஷா பாலீஷு” என்பார் நஞ்சுண்டன்.

“லோ நஞ்சுண்டா, நீ போடற மேடு பள்ளத்தத் தேச்சுத் தேச்சு என் தோளு எறங்கிப் போச்சு. நான் இல்லேன்னா உன் ஆனையெல்லாம் ஒட்டகமா நிக்கும்” என்பார் பாஷா.

பாஷாவின் தமிழ் நஞ்சுண்டனிடம் சண்டையிட்டே கற்றது. எனவே அதில் வசவுச் சொற்களுக்குக் குறைவில்லை. வணக்கம் கூறத்தான் தடுமாறுவார்.

3. எல்லாச் சாமியும் கண்ணாடி

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது இனிச் சொல்லப்போவது. அந்த ஆண்டு மழைக்குப் பின் நஞ்சுண்டனுக்குச் சிக்குன்குனியாக் காய்ச்சல் கண்டு, விரல் மூட்டுகள் வீங்கின. தேறி வேலைக்குத் திரும்பிய வாரத்தில், மகள் திருமணத்துக்காகப் பாஷா சாமராஜநகருக்கு நீண்ட விடுப்பில் சென்றார். அவர் இல்லாத நாள் ஒன்றில்தான் மாதம்மாள் எங்கள் விற்பனைக் கூடத்துக்கு வந்தார்.

கொள்ளேகாலில் பட்டுநூல் வணிகம் செய்தவர். சில ஆண்டுகளாகக் கண்ணின் அழுத்த நோயால் பார்வை குறைந்து, இப்போது முற்றிலும் போய்விட்டது. மகன் மைசூரின் விஜயநகர்ப் பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அவன் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், எட்டிய பலகைகளையெல்லாம் தடவத் தொடங்கினார்.

“இது என்னுங்க?”

“தசரா ஊர்வலம் அம்மா. யானைகள்.”

“இது?”

“அரண்மனை.”

“ஆனையும் வழுவழுங்குது, அரமனையும் வழுவழுங்குது. என்ன எழவு வித்தியாசம்?”

“அம்மா, சும்னே இரும்மா” என்றான் மகன், கூச்சத்துடன்.

“நீ சும்மா இர்றா. நானு அம்மிணிகிட்டப் பேசறன்.” என் கையைத் துழாவிப் பிடித்தார். பிடித்தவர் சுட்டுவிரலில் நின்றார். “இதென்ன அம்மிணி, ஒத்த நகம்? குங்குமம் எடுக்கவா?”

வேலைக்கு வேண்டியது என விளக்கினேன். விரல் அறியாதபடி செய்வதே எங்கள் திறம் என்பதை என்னால் இயன்ற அளவு நல்ல தமிழில் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நல்லதுங்க. ஆனா எனக்கு எடஞ்சலே அதுதான். என்ற பையன் ஊட்டுல பூசை ரூமு இருக்குது. செவுரு பூரா சாமிப் படம். தொட்டா எல்லாச் சாமியும் ஒரே கண்ணாடி. முருகனக் கும்பிடறனா, என்ற மருமவளோட தாத்தன் போட்டோவக் கும்பிடறனான்னு தெரிய மாட்டீங்குது. நேத்திக்குப் பாத்தா, காலண்டருக்குப் பூ வெச்சிருக்கறேன்.”

மகன் தலை குனிந்துகொண்டான். நான் சிரிக்கவில்லை, மாதம்மாள்தான் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் தாழ்ந்தது.

“வருசா வருசம் அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போவங்க. இந்தத் தடவ இவுங்க எல்லாம் போறாங்க, நானு போவல. அந்தக் கூட்டத்துல என்னையப் புடிச்சுக்கிட்டே இவன் எங்க சாமி பாக்கறது? நானு ஊட்டுல இருக்கறன். எனக்கு ஒரே ஒரு சாமி, தொட்டா இன்னாருன்னு தெரியோணும். புலி மேல உக்காந்த மாதேஸ்வரன். செஞ்சு குடுப்பீங்களா?”

அமாவாசைக்கு முதல் நாள் வந்து வாங்கிச் செல்வதென முடிவாயிற்று.

4. அரிசியில் கல்

நஞ்சுண்டன் முதலில் மறுத்துவிட்டார்.

“ஆகல்ல மேடம். தட்டக்கூடாதுன்னு இத்தன வருசம் உயிர எடுத்தீங்க. இப்ப நீங்களே வந்து, நஞ்சுண்டா, தட்டற மாதிரி பண்ணுன்னு சொன்னா? சோறாக்கறவகிட்டப் போயி, அரிசியில கொஞ்சம் கல்லு விடுன்னு கேக்கற கதெ!”

காலண்டருக்குப் பூ வைத்த செய்தியைச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார், மூக்கைச் சிந்தினார், சன்னலைப் பார்த்தார். பிறகு, “புலிக்குப் பலா போதுமா, இன்னும் மஞ்சளா வேணுமா?” என்றார். உடனே தாமே தலையில் அடித்துக்கொண்டு, “மஞ்சள் யாருக்கு? நல்ல கெட்டியான மரமாப் பாக்கறேன்” என்றார்.

வீக்கம் வடியாத விரல்களோடு அவர் அந்தப் பலகையைச் செய்த விதத்தை நான் மறக்கவியலாது. குழிகளை ஆழம் குறைத்து எடுத்தார். துண்டுகளைத் தடிமனாக அறுத்தார். புலியின் உடல் பலகையைவிட உயர்ந்து நின்றது. அதன் வரிகள் உடலைவிடச் சற்று உயர்ந்தன. நூலோ தோலோ மாட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொரு விளிம்பையும் உருட்டினார். மாதேஸ்வரரின் சடையை இழை இழையாக வைத்தார். ஒவ்வொரு மாலையும் என்னை அழைத்துக் கண்ணை மூடச் சொல்வார்.

“தட்டுதா மேடம்?”

“தட்டுகிறது.”

“கேக்கவே வெக்கமா இருக்குது” என்பார். முகத்தில் மட்டும் அவ்வளவு மகிழ்ச்சி.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னர் வேலை முடிந்தது. மெல்லிய மெருகு மட்டும் எஞ்சியது. மறுநாள் பாஷா விடுப்பு முடிந்து வருவார். வந்ததும் நேரில் விளக்கிச் சொல்லலாம் என எண்ணி, நஞ்சுண்டன் பலகையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

5. பாஷாவின் உதவி

மறுநாள் காலை நான் கூடத்தில் நுழைந்தபோது பாஷா எனக்கு முன்பே வந்திருந்தார். மருதாணி மாறாத கையால் ஒரு லட்டுப் பொட்டலத்தை நீட்டினார். கண்களில் தூக்கமின்மையும் ஏதோ ஒரு வெற்றியும் தெரிந்தன.

“மேடம், இது மொதல்ல செக் பண்ணிடுங்க. நஞ்சுண்டன் வர்றதுக்குள்ள.”

அவர் நீட்டியது மாதேஸ்வரர் பலகை. கண்ணை மூடி நகத்தை வைத்தேன். இழுத்தேன். வால் முதல் சடை வரை நகம் ஒரே ஓட்டமாக ஓடியது. குளிர்ந்த நீரின் மேல் இழுத்ததுபோல் இருந்தது. என் பணிக்காலம் முழுவதும் அதைவிட வழவழப்பான பலகையை நான் தொட்டதில்லை.

கண்ணைத் திறந்தேன். மேசையைச் சுற்றி மஞ்சளும் கருப்புமாக மரத்தூள் குவிந்திருந்தது.

“பாஷா, என்ன செய்தீர்கள்?”

“மெதுவா மேடம், மெதுவா” என்றார், குரலைத் தாழ்த்தி. “பாவம், விரலு வீக்கம் இன்னும் போகல போல. படம் பூரா மேடு. ஓரத்தெல்லாம் வேற உருட்டி வச்சிருந்தான், தப்பு தெரியக்கூடாதுன்னு. நஞ்சுண்டனா இப்படின்னு எனக்கே கண்ணு கலங்கிடிச்சு. நீங்க பாத்தா கவுத்து வெப்பீங்க. காய்ச்சல்ல இருந்து எழுந்து வந்தவன் மனசு என்ன ஆகும்? மொத பஸ்ஸுல எறங்கி நேரா இங்க வந்தவன், பாத்ததும் ஒக்காந்து தேச்சுட்டேன். நான் தேச்சேன்னு அவனுக்குச் சொல்லாதீங்க மேடம். தானே ஒழுங்காப் பண்ணோம்னு நெனச்சுக்கட்டும்.”

நான் அருகிலிருந்த முக்காலியில் அமர்ந்துவிட்டேன். ஒரு மனிதர் அதிகாலைப் பேருந்திலிருந்து இறங்கிய கையோடு தம் தோழரின் மானத்தைக் காக்க அமர்ந்திருக்கிறார். அவ்வன்பினால் பார்வையற்ற ஒரு பெண்மணியின் தெய்வத்தைச் சமமாக்கிவிட்டார். மாதம்மாள் யார், என்ன கேட்டார் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பாஷாவின் கையிலிருந்த லட்டுப் பொட்டலம் மெல்லச் சாய்ந்தது.

அப்போதுதான் நஞ்சுண்டன் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். தூளைப் பார்த்தார். பாஷாவைப் பார்த்தார்.

“யாருடா உன்னத் தேய்க்கச் சொன்னது?”

“உன் மரியாதயக் காப்பாத்தினேன்டா.”

“என் மரியாதயா? புலிய இஸ்திரி போட்டு வச்சிருக்கியேடா!”

“எனக்கென்ன கனவா வந்துது? ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?”

“மக கல்யாணத்துல நிக்கறவனுக்குப் போன் பண்ணி, புலி மேடா இருக்குதுன்னு சொல்லணுமா?”

இருவரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மதியம் மாதம்மாள் வந்துவிடுவார். புதிதாகச் செய்ய வாரங்கள் ஆகும். மறுநாள் அமாவாசை, வீட்டார் மலைக்குப் போய்விடுவார்கள், அந்தப் பூசையறையில் அவர் கண்ணாடிகளோடு தனித்திருப்பார்.

நஞ்சுண்டன் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இனி மேல ஏத்த முடியாது, ஒட்டினாலும் காயாது” என்றார். பிறகு, “ஏத்தத்தான் முடியாது. எறக்கலாம்” என்றார்.

6. மறுதலைத் தேர்வு

புலியை உயர்த்த முடியாவிடில் அதைச் சுற்றியுள்ள நிலத்தைத் தாழ்த்துவது. இதுவே அவர் கண்ட வழி. ஈட்டிப் பலகையை உருவத்தின் ஓரமாக உளியால் சுரண்டிக் கீழிறக்கினால் புலி தானே எழுந்து நிற்கும். வரிகளை மேடாக்க இயலாது; எனவே அவற்றையும் சடை இழைகளின் இடைவெளிகளையும் பள்ளமாக்கினார். நஞ்சுண்டன் உளி பிடிக்க, பாஷா மூங்கில் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தையும் உருட்டிவந்தார். இருவரும் ஒரே மேசையில், தலை தலையில் முட்டும்படி அமர்ந்திருந்தார்கள்.

“அதிகமாத் தேய்க்காதடா, புலி பூனையாயிடும்.”

“நீ ஒழுங்காச் சொரண்டு குரு. தேய்க்கறது எனக்குத் தெரியும்.”

“தெரியும், தெரியும். காலையில பாத்தேனே!”

என் வேலை தலைகீழாயிற்று. கண்ணை மூடி நகத்தை இழுப்பேன். “வால் தட்டுகிறது. பின்னங்கால் தட்டுகிறது. விலாவில் தட்டவில்லை.” தட்டாத இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிப்பேன், உளி அங்கே போகும். ‘தட்டவில்லை’ என்பது குற்றமாகவும் ‘தட்டுகிறது’ என்பது ஒப்புதலாகவும் ஆன அந்த முற்பகலில், கூடமே எங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டது. முன்கால் தட்டியது என நான் கூறியபோது யாரோ கைதட்டினார்கள்.

கடைசியில் மாதேஸ்வரரின் முகம். அங்கே நகம் தட்டவில்லை.

“மொகத்த விட்டுடுங்க மேடம்” என்றார் நஞ்சுண்டன். “கண்ணு, ஒதடு எல்லாம் நெல்லு உமி மாதிரி சன்னம். இவன் தேச்சதுல இன்னும் சன்னமாப் போச்சு. உளி பட்டா மூக்கே வந்துடும்.”

பாஷா உப்புத்தாளைக் கீழே வைத்தார். வாசலில் கார் நிற்கும் ஓசை கேட்டது.

7. கன்னம்

மெருகேற்ற நேரமில்லை. தூளைத் துடைத்துப் பலகையை மாதம்மாளின் மடியில் வைத்தோம். உள்ளதை மறைக்க என் மனம் இசையவில்லை. முகம் மட்டும் நினைத்தபடி அமையவில்லை என்று முன்னரே கூறிவிட்டேன். அவர் தலையசைத்தாரே தவிர, காதில் வாங்கியதாகத் தோன்றவில்லை. விரல்கள் புறப்பட்டுவிட்டன.

வாலில் தொடங்கினார். நுனியிலிருந்து இடுப்புக்கு வந்தார். முதல் வரிப் பள்ளத்தில் விரல் இறங்கியதும் நின்றார். அடுத்ததில் இறங்கினார். அடுத்தது.

“அட, புலி! டேய், புலிடா இது!”

“ஆமாம்மா” என்றான் மகன்.

“நீ சொல்லாத. நானே பாத்துக்கறேன்.” காது, மீசை, பாதம். மேலே ஏறிச் சாமியின் முழங்கால். கைத்தண்டு. சடையின் இழைகள் தோளில் புரள்வதைக் கண்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். பின்பு விரல்கள் முகத்தில் வந்து நின்றன. வழவழப்பில் ஒருமுறை வட்டமிட்டன. மீண்டும் வட்டமிட்டன. பாஷா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“மொகத்துல ஒண்ணுமே இல்லீங்களே” என்றார் மாதம்மாள்.

அவர் விரல்கள் மூன்றாம் முறையும் வட்டமிட்டன.

“மலையிலயும் அப்படித்தானுங்க. அந்தக் கூட்டத்துல சாமி மொகத்த நானு எங்க பாத்தன்? நெட்டித் தள்ளிப்போடுவாங்க. புலி வாகனம் சுத்தி வர்றப்ப கைய நீட்டித் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறதுதான். தொட்டதெல்லாம் புலியத்தான்.” விரல்கள் இன்னும் முகத்தை விட்டு நகரவில்லை. “ஆனா இந்த எடம்… இத்தன மெதுவா இருக்குது. என்ற பேரன் கைக்கொழந்தையா இருந்தப்ப கன்னம் இப்படித்தான் இருக்கும். அம்மிணி, இதத் தேச்சது யாருங்க?”

நஞ்சுண்டன் பாஷாவின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார். “இவன்தாங்கம்மா. எண்ணெ தடவறவன்.”

“நானு அம்மா… பாஷா.” அதற்குமேல் அவருக்குத் தமிழ் வரவில்லை.

மாதம்மாள் கையை நீட்டினார், பாஷா குனிந்தார். மரத்தூள் படிந்த அவர் கன்னத்தை இரு விரலால் தொட்டு, “நல்லா இரு சாமி. பாலீசு ஒண்ணும் வேண்டாம், இப்படியே கொண்டுபோறன்” என்றார்.

அவர்கள் போனபின் பாஷா தம் மேசைக்குச் சென்று, லட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் உருண்டையை நஞ்சுண்டனிடம் நீட்டினார்.

“இதையும் தேச்சு வச்சியாடா? உருண்டையாவே இல்லையே” என்றார் நஞ்சுண்டன், வாயில் போட்டுக்கொண்டே.

8. இளையோர்க்கு

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிதே. விதியை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். நகம் தட்டக்கூடாது என்பதை அறியாதவரால் தட்டும்படி நன்றாகச் செய்யவும் இயலாது. ஆயின் அந்த விதி எந்த விரலுக்காக ஏற்பட்டது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அருகிலிருப்பவரின் பிழையைத் திருத்தப் புறப்படுமுன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். கேட்காமல் திருத்திவிட்டீர்களாயின், பாஷாவைப்போல் அன்பினால் திருத்தியவராயிருங்கள். அப்போது திருத்திய இடமும் எவர் விரலுக்கேனும் பயன்படக்கூடும்.

ஓய்வு பெற்று வீட்டிலிருக்கிறேன். நகத்தை இன்னும் வெட்டவில்லை. திருமண வீடுகளில் இப்போதும் இருவர் உற்றுப் பார்க்கத்தான் செய்கிறார்கள். சென்ற அமாவாசையன்று மாதம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாதேஸ்வரர் தாழ்வாக, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தார். புலியின் முதுகு பல நாள் விரல்பட்டு மின்னத் தொடங்கியிருந்தது. பாஷா கண்டால் தம் வேலையை இன்னொருவர் செய்துவிட்டார் என்று சண்டைக்கு வருவார். கண்ணை மூடி நகத்தை இழுத்துப் பார்த்தேன்.

“என்னுங்க அம்மிணி, பாசா, பெயிலா?” என்றார் மாதம்மாள்.

“தட்டுகிறது” என்றேன்.